எங்க லுத்தரன் சபைக்கு புது ஐயர் வரோணும், பேராயர் ஆபீசுக்கு என்னன்னு எழுதறது?

பல்லடம்ரோட்டான்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரமுங்க. திருப்பூர்ல பல்லடம் ரோட்டுப் பக்கம் இருக்கற சின்ன லுத்தரன் சபைங்க (கிறிஸ்தவத்துல ஒரு பிரிவு) எங்களுது, சபை பேரு வேண்டாம், வம்பாயிரும். இப்ப இருக்கற ஐயர் (போதகரைத்தான் நாங்க ஐயர்ம்போம்) ஈஸ்டர் முடிஞ்சதும் ரிட்டயர்டு ஆவறாருங்க. மே மாசம் ட்ரான்ஸ்ஃபர் போடறப்ப எங்களுக்கும் ஒருத்தரை போடுவாங்கன்னு சொல்றாங்க, ஆனா லிஸ்ட்ல எங்க பேரு வருமா இல்ல பக்கத்து ஊரு ஐயரையே பொறுப்பா பாத்துக்கச் சொல்லி விட்ருவாங்களான்னு ஒண்ணும் புரியல.

போன வாரம் ஆராதனை முடிஞ்சு கமிட்டி உக்காந்தோமுங்க. டீ ஆறிப்போற அளவுக்கு சத்தம். ஒரு குரூப்பு நல்லா பிரசங்கம் பண்றவரு வேணும், யூட்யூப்ல வர்றாப்ல கூட்டம் சேக்கறவரு வேணும்ங்குது. இன்னொரு குரூப்பு நம்ம பக்கட்டு ஆளா கேக்கலாம், தஞ்சாவூர் மாயவரத்துல இருந்து வர்றவங்களுக்கு பனியன் கம்பெனி பொழப்பே புரிய மாட்டேங்குது, ஞாயித்துக்கிழமை ஏன் வரலைன்னு கேட்டே ஒரு வருஷத்தை ஓட்டிடறாங்கன்னு. பெரியவங்க ரெண்டு மூணு பேரு மட்டும் யாரை அனுப்பறாங்களோ அவரை ஏத்துக்கறதுதான் நம்ம வழக்கம், கேக்கறதே தப்புன்னுட்டு எந்திரிச்சுப் போய்ட்டாங்க. கடைசில, நீதான் காலேஜ் படிச்சவன் லெட்டர் எழுதுன்னு என்ற தலையில கட்டிட்டாங்க.

எங்க சபை எப்படின்னா, பாதிப்பேரு கட்டிங், டெய்லர், செக்கிங்னு ஒன்றரை ஷிப்ட் ஓட்டறவங்க. சனிக்கிழமை ராத்திரி சம்பளம் வாங்கி, மளிகை வாங்கிட்டு வீடு சேர்றப்ப பதினொண்ணு ஆயிரும். காலைல எட்டரை ஆராதனைக்கு வர்றது பெரும்பாலும் வயசானவங்களும் சின்னப் பிள்ளைங்களும்தான். ஷிப்மெண்ட் நேரம்னா ஞாயிறும் அரை ஷிப்ட் இருக்கும். இது போக கொஞ்ச நாளா ஜார்க்கண்ட் பசங்க பிள்ளைங்க ஏழெட்டு பேரு வந்து கடைசி பெஞ்சுல உக்காந்துக்கறாங்க, தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, திருவிருந்துக்கு (அப்பமும் ரசமும் குடுக்கறப்ப) மட்டும் கரெக்டா எந்திரிச்சு முன்னாடி வந்துடறாங்க. விசாரிச்சா அவங்களும் லுத்தரனாம்!

அதனால கேக்கறேனுங்க. ஒருத்தரை பேர் சொல்லிக் கேக்கலாமா? கேட்டா குடுப்பாங்களா? லெட்டர்ல என்ன எழுதறது? புது ஆள் வர்ற வரைக்கும் திருவிருந்து, ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம் எப்படி? வைகாசில ரெண்டு கல்யாணம் வேற நிச்சயமாயிருச்சு. அனுபவப்பட்டவங்க சொன்னா புண்ணியமாப் போகும்.

கோவை_பழையசெயலர்:

தம்பி, நான் கோயமுத்தூர்ல ஒரு லுத்தரன் சபைல நெம்ப வருஷம் கமிட்டி செயலாளரா இருந்தவன். மூணு ஐயரை வழியனுப்பி மூணு ஐயரை வரவேத்திருக்கேன், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன், பொறுத்துக்கோ.

பேர் சொல்லிக் கேக்காத. கேக்கக்கூடாதுன்னு சட்டம் ஒண்ணும் இல்ல, ஆனா நீ ஒரு பேரை எழுதின அடுத்த வாரமே உங்க சபைல இருந்தே இன்னொரு பேரை எழுதி இன்னொரு மனு போகும், அதுல கையெழுத்து உன்னோடதை விட ஜாஸ்தி இருக்கும். அதுக்கடுத்து ஒரு மொட்டைக் கடுதாசி போகும், இந்த சாதிக்காரரை போடாதீங்கன்னோ இன்னாருக்கு மாமன் முறைன்னோ. நாஞ் சொல்றது நடந்த கதை. கடைசில வந்தவரு ரெண்டு மனுவுலயும் இல்லாதவரு, ஆனா வந்த மொத நாளே சபை பாதிப்பாதியா பிரிஞ்சு நின்னுட்டிருந்துச்சு, அவரு பாவம் ரெண்டு பக்கமும் டீ குடிச்சே வயித்தைக் கெடுத்துக்கிட்டாரு.

நம்ம பக்கட்டு ஆளுன்னு கேக்கறதும் வெவகாரம்தான். வெளிய பாத்தா ஊர்ப்பாசம் மாதிரி தெரியும், உள்ள போனா அது சாதில போயி நிக்கும். பிரச்சினை அவரு மாயவரத்துக்காரரா இருக்கறதுல இல்ல, ஷிப்ட் தெரியாததுலதான். அப்ப ஷிப்டைப் பத்தி எழுது.

"நல்ல பிரசங்கியார் தேவை"ன்னு எழுதாத சபை உலகத்துலயே கிடையாது, அதைப் படிச்சு யாரும் ஒரு முடிவும் எடுக்க முடியாது. அதுக்குப் பதிலா, எங்க ஆளுங்க சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு வீடு வர்றாங்க, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு ஆராதனை நடத்த மனசிருக்கறவரு வேணும், ராத்திரி எட்டரைக்கு மேல வீடு சந்திக்க வர்றவரு வேணும்னு எழுதினா, படிக்கறவங்களுக்கு ஒரு முகம் தோணும். அந்த முகத்துக்குப் பொருந்தற ஆளு யாருன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

இப்ப இடைக்காலத்துக்கு வர்றேன். பக்கத்து ஐயரை பொறுப்பு குருவா போடுவாங்க. மொத வாரமே அவரைப் பாத்து, மாசத்துல எந்த ஞாயிறு திருவிருந்துக்கு வர முடியும்னு கேட்டு எழுதி வாங்கி நோட்டீஸ் போர்டுல ஒட்டிடு. அவருக்கு அவரு சபையும் இருக்கு, அதனால காலைல அங்க, சாயங்காலம் உங்ககிட்டன்னு வெச்சா உங்க ஷிப்ட் ஆளுங்களுக்கும் சௌகரியம். மத்த ஞாயிறு உபதேசியாரோ பழகின மூப்பரோ ஆராதனை முறைமையை நடத்தலாம், பிரசங்கம் பண்ணலாம். திருவிருந்து மட்டும் கூடாது. 1530 ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை 14-ஆம் பிரிவு அதான் சொல்லுது, முறையான அழைப்பு இல்லாம யாரும் சபையில திருவிருந்து மாதிரி சாக்கிரமெந்து குடுக்கக்கூடாதுன்னு. ஞானஸ்நானம் வேற. குழந்தை ஆபத்துல இருந்தா எந்த விசுவாசியும் தண்ணி ஊத்தி திரித்துவ நாமத்துல குடுக்கலாம், பொறகு ஐயர்கிட்ட சொல்லி ரிஜிஸ்டர்ல ஏத்தணும்.

கல்யாணத்துலதான் உஷாரா இருக்கோணும். 1872 இந்திய கிறிஸ்தவ திருமணச் சட்டப்படி அதுக்கு அதிகாரம் உள்ளவருதான் நடத்தி வெக்கோணும், பொதுவா காலை 6 மணிக்கும் சாயங்காலம் 7 மணிக்கும் நடுவுல. கல்யாணத்தை மண்டபக்காரன்கிட்ட பேசறதுக்கு முன்னாடி பொறுப்பு குருகிட்ட தேதியைப் பேசு. ஓலை வாசிக்கறது (கல்யாண அறிவிப்பை சபைல படிக்கறது) இப்ப இருக்கற ஐயர் காலத்துல ஆரம்பிச்சு அடுத்தவர் காலத்துல முடியற மாதிரி வந்தா ரெண்டு பேருக்கும் எழுத்துல குடுத்துரு.

இன்னொண்ணு, சார்ஜ் ஒப்படைக்கற அன்னிக்கு நீயும் கூட இரு. ஞானஸ்நான ரிஜிஸ்டர், திடப்படுத்தல் (பிள்ளைங்க படிச்சு விசுவாசத்தை சபை முன்னாடி அறிக்கை பண்றது) ரிஜிஸ்டர், கல்யாண ரிஜிஸ்டர், அடக்க ரிஜிஸ்டர் நாலும் எந்தப் பக்கம் வரைக்கும் எழுதியிருக்குன்னு பாத்து, கடைசி வரிக்குக் கீழ கோடு போட்டு கையெழுத்து வாங்கோணும். திருவிருந்துப் பாத்திரம், பேங்க் பாஸ்புக்கு, கரண்ட் பில், கல்லறைத் தோட்டத்து பத்திரம் நகல். பத்திரம் எங்கன்னு ரோசனை பண்ணாம விட்டு, பின்னாடி ரோடு அகலப்படுத்தறப்ப தெருத்தெருவா அலைஞ்ச சபை எனக்குத் தெரியும்.

ஒத்தைப்பனை:

செயலர் ஐயா மன்னிக்கோணும், ஆனா எனக்கு இது ஒத்துக்கலீங்க. நாம லுத்தரன்னு பேரை வெச்சுக்கிட்டு நம்ம பிரிவுக்கு பேரு குடுத்த மார்ட்டின் லுத்தர் சொன்னதையே விட்டுட்டோமுங்க. 1523-ல ஜெர்மனில லைஸ்னிக்ங்கற சின்ன ஊருக்காரங்க கேட்டதுக்கு அவரு பதில் எழுதினாரு, கிறிஸ்தவ சபைக்கு போதனையை நிதானிச்சுப் பாக்கவும், போதகரை அழைக்கவும், வெக்கவும், நீக்கவும் உரிமை இருக்குன்னு தலைப்புலயே போட்டு எழுதினாரு. அதுவரைக்கும் அந்த ஊருக்கு யாரை அனுப்பறதுங்கற உரிமை பக்கத்து மடத்துக்காரங்க கைல இருந்துச்சு. அதைத்தான் உடைச்சாங்க. நாம என்னடான்னா ஐநூறு வருஷம் கழிச்சும், மேல இருந்து யாரை தாட்டி விட்டாலும் மாலையைப் போட்டு வரவேத்துட்டு ரெண்டு வருஷம் முணுமுணுத்துட்டு இருக்கோம். அக்டோபர் 31 சீர்திருத்த நாள்னா மட்டும் பேனர் கட்டறது. பல்லடம்ரோட்டாரே, உங்களுக்கு ஒருத்தரு நல்லவருன்னு தெரிஞ்சா தைரியமா பேர் எழுதுங்க.

கோவை_பழையசெயலர்:

பனை, கதைய பாதில நிறுத்திட்டீங்களே! அதே லைஸ்னிக்காரங்க அதே 1523-ல பொதுப் பெட்டின்னு ஒண்ணு வெச்சாங்க, ஊர்ல சபை வருமானம் எல்லாம் அதுல விழுந்து, குருவுக்கு, பள்ளிக்கூடத்துக்கு, ஏழைங்களுக்கு அதுல இருந்துதான் செலவு. லுத்தர் அதுக்கும் முன்னுரை எழுதியிருக்காரு. அதாவது கூப்பிட்டவங்களே சோறும் போட்டாங்க. எங்க சபைல எல்லாம் வசூல்ல ஒரு பங்கு தலைமைக்குப் போயி அங்க இருந்துதான் எல்லா ஐயருக்கும் சம்பளம். அப்படி இருக்கறதாலதான் நாப்பது குடும்பம் இருக்கற கிராம சபைக்கும் ஒரு ஐயர் போறாரு. அவங்கவங்க சம்பளம் குடுத்து அவங்கவங்க கூப்பிட்டுக்கலாம்னா நல்ல பிரசங்கியார் எல்லாம் ஆர்.எஸ்.புரம் பக்கமே நின்னுக்குவாங்க, மலையடிவாரத்து சபைக்கு யாரு போவா? கேக்கற உரிமை இல்லைன்னு நாஞ் சொல்லல. ஆளைக் கேக்காத, தேவையைக் கேளுன்னுதான் சொல்றேன்.

மினசோட்டா_பீளமேடு:

நான் பீளமேட்டுக்காரன், இப்ப அமெரிக்கால மினசோட்டா. இங்க பனிக்கு நடுவுல தெருவுக்கு ஒரு லுத்தரன் சர்ச், அதனால சொல்லலாம்னு வந்தேன். பனை அண்ணன் கேக்கற முறை இங்க அப்படியே இருக்கு, ஆனா அது சொர்க்கம்னு நினைச்சுக்காதீங்க.

நான் போற சபை ஈஎல்சிஏ, அமெரிக்கால பெரிய லுத்தரன் திருச்சபை. ஐயர் ரிட்டயர்டு ஆனதும் மொதல்ல ஒரு இடைக்கால ஐயர் வந்தாரு, அவரு அந்த வேலைக்குன்னே வர்றவரு. சபைல இருந்தே ஒரு அழைப்புக் குழு போட்டாங்க. அவங்க எடுத்த உடனே ஆள் தேடலீங்க, மாசக்கணக்குல உக்காந்து சபையைப் பத்தி ஒரு விவரப் படிவம் எழுதினாங்க. எத்தனை பேரு வர்றாங்க, பணம் எவ்வளவு, ஊரு எப்படி மாறிட்டிருக்கு, கடைசியா வந்த சண்டை எதுக்கு வந்துச்சுங்கறது வரைக்கும். அப்பறம் பேராயர் ஆபீஸ் சில பேரு குடுக்கும், குழு பேசிப் பாக்கும், ஒருத்தரை முடிவு பண்ணி சபை முன்னாடி வெச்சு ஓட்டு. வந்திருக்கறவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு வேணும். சம்பளமும் அதே கூட்டத்துல ஓட்டு. இதெல்லாம் முடிய ஒரு வருஷத்துக்கு மேல ஆயிருச்சு, அதுக்குள்ள சில குடும்பம் வேற சர்ச்சுக்கு போயிட்டாங்க.

மிசௌரி சினாட்காரங்க (இங்க இருக்கற இன்னொரு லுத்தரன் திருச்சபை) முறை இன்னும் வேற. அங்க வேற சபைல வேலைல இருக்கற ஐயருக்கே அழைப்பு அனுப்புவாங்க, அவரு ஜெபம் பண்ணி யோசிச்சுட்டு "இல்லைங்க, நான் இங்கயே இருக்கேன்"னு திருப்பி அனுப்பலாம், அப்ப சபை மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கோணும். இவங்க நமக்கு தூரத்துக்காரங்க இல்ல தெரியுமா, 1895-ல நேதர்னு ஒரு மிஷனரி இவங்க சார்பா வேலை ஆரம்பிச்சது அப்ப சேலம் ஜில்லால இருந்த கிருஷ்ணகிரில. ஐஇஎல்சிங்கற இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கு வேர் அங்கதான்.

உங்களுக்கு இங்க இருந்து எடுத்துக்கறதுக்கு உருப்படியா இருக்கறது அந்த விவரப் படிவம் ஒண்ணுதான்னு எனக்குத் தோணுது. நல்லது கெட்டது ரெண்டையும் எழுதிப்பாருங்க. எழுத உக்காந்தப்பத்தான் எங்க சபைலயே பல பேருக்கு தெரிஞ்சுச்சு, அவங்க தேடறது போதகரை இல்ல, இருபது வருஷத்துக்கு முன்னாடி இருந்த ஒருத்தரைன்னு.

குருமனைப்பிள்ளை:

நான் ஒரு குருவோட மகள். எல்லாரும் எப்படிப்பட்ட ஐயர் வேணும்னு பேசுறீங்க, சந்தோஷம். வர்றவரு எந்த வீட்டுக்கு வரப்போறாருன்னு ஒருத்தர்கூட கேக்கல.

எங்க அப்பாவுக்கு ட்ரான்ஸ்ஃபர் வந்தப்பெல்லாம் லாரி போயி நிக்கற வரைக்கும் வீடு எப்படி இருக்கும்னு எங்களுக்கு தெரியாது. ஒரு ஊர்ல (கொங்குப் பக்கம்தான், பேரு வேண்டாம்) போய் இறங்கினா குருமனை ஹால்ல பழைய கிறிஸ்துமஸ் குடில், உடைஞ்ச பெஞ்சு, மைக்செட்டு எல்லாம் அடுக்கி வெச்சிருந்தாங்க. அம்மா பொடக்காலிக்குப் போனா கதவுக்குக் கீழ்த்தாழ்ப்பாள் இல்ல, பக்கத்துலயே சண்டே கிளாஸ் நடக்கற இடம். அம்மா ஒரு சேலையை ரெண்டா மடிச்சு ஆணில மாட்டி விட்டாங்க. அந்த சேலை எத்தனை மாசம் அங்கயே தொங்குச்சுன்னு கமிட்டில யாரும் கவனிச்சதா எனக்கு ஞாபகம் இல்ல, ஆனா வெள்ளை அங்கி இஸ்திரி போடாம இருந்தா கவனிச்சாங்க.

அதனால உங்க லெட்டர்ல ஒரு பாரா, நாங்க என்ன செஞ்சு வெச்சிருக்கோம்னு எழுதுங்க. ஏப்ரல்ல ஐயர் வீடு காலி பண்ணதும் வெள்ளையடிங்க, ஒயரிங் பாருங்க, ஓடோ தளமோ ஒழுகற இடத்தை மழைக்கு முன்னாடி சரி பண்ணுங்க. திருப்பூர்ல போர் தண்ணி வாயில வைக்க முடியாது, நல்ல தண்ணி எந்தக் கிழமை எத்தனை மணிக்கு வரும்னு ஒரு பேப்பர்ல எழுதி அடுப்படில ஒட்டி வைங்க, வர்ற அம்மா உங்களை வாழ்நாள் பூரா மறக்க மாட்டாங்க. பிள்ளைங்க இருந்தா ஸ்கூல். ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கறப்ப சீட்டுக்கு ஐயர் தனியா அலையக்கூடாது, கமிட்டில ஒருத்தர் கூடப் போகணும். எனக்கு பிளஸ் டூ நடுவுல ட்ரான்ஸ்ஃபர் வந்து நான் சொந்தக்காரங்க வீட்டுல தங்கிப் படிச்சேன், அதுக்கு மேல அதைப் பத்தி பேசல.

இன்னொரு விஷயம். எல்லாரும் "வர்றவரு, அவரு"ன்னே எழுதறீங்க. வர்றது ஒரு அம்மாவா இருந்தா? நம்ம தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையில பெண் குருமார்களும் இருக்காங்க. உங்க செக்கிங் செக்‌ஷன் முழுக்க பொம்பளைங்கதானே, ராத்திரி எட்டரைக்கு மேல அவங்க வீட்டுக்கு வந்து உக்காந்து பேசறதுக்கு யாரு சுலபம்னு நீங்களே பாத்துக்கங்க.

அவிநாசி_கம்பெனிக்காரன்:

அந்த ஜார்க்கண்ட் பசங்களைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலியே. நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில ஹாஸ்டல் பாத்துக்கறவன், எங்ககிட்டயும் ராஞ்சி, கும்லா பக்கத்துப் பிள்ளைங்க இருக்காங்க. அவங்க கோஸ்னர் சபை. 1845-ல ஜெர்மனில இருந்து வந்த மிஷனரிங்க ராஞ்சில ஆரம்பிச்சது. நம்மாளுங்க அவங்களை புதுசா யாரோன்னு பாக்கறாங்க, ஆனா ரெண்டு சபைக்கும் ஜாதகம் ஒண்ணுதான். மொத உலகப் போர்ல ஜெர்மன் மிஷனரிங்களை பிரிட்டிஷ்காரன் வெளிய அனுப்பினதுல, தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை ஜனவரி 1919-ல உருவாச்சு, அதே 1919 ஜூலைல ராஞ்சிக்காரங்களும் இனி எங்க சபையை நாங்களே பாத்துக்கறோம்னு எந்திரிச்சாங்க. அதனாலதான் அந்தப் பசங்களுக்கு தமிழ் தெரியாட்டியும் திருவிருந்துக்கு எப்ப எந்திரிக்கோணும்னு தெரியுது, முறைமை அவங்களுக்குப் பழக்கப்பட்டது.

என்ற ரோசனை என்னன்னா, லெட்டர்ல இதை கட்டாயம் எழுதுங்க. சென்னை கீழ்ப்பாக்கம் குருகுல் இறையியல் கல்லூரில நாடு முழுக்க இருக்கற லுத்தரன் சபைங்கள்ல இருந்து வந்து படிக்கறாங்க, அங்க வடக்கத்திப் பசங்களோட ஒரே ஹாஸ்டல்ல இருந்த தமிழ் ஐயருக்கு கொஞ்சமாச்சும் ஹிந்தி வரும், இல்லாட்டி கூச்சமாவது இருக்காது. ஐயர் வர்றதுக்கு முன்னாடி நீங்களே ஒண்ணு பண்ணலாம், நிருப வாசிப்பை ஒரு வாரம் அந்தப் பிள்ளைங்கள்ல ஒருத்தரை ஹிந்தில வாசிக்கச் சொல்லுங்க. தமிழ்ல பொறகு வாசிச்சுக்கலாம். எங்க பக்கத்து சபைல பண்ணினாங்க, அடுத்த வாரம் கடைசி பெஞ்சு பத்தலை.

ஒத்தைப்பனை:

செயலர் சொன்ன பொதுப் பெட்டி விஷயம் நெசந்தான், ஒத்துக்கறேன். ஆனா தேவையை எழுதினா படிக்கறவங்க படிப்பாங்கங்கற நம்பிக்கை எனக்கு இன்னும் வரல. அதனால லெட்டரை தபால்ல போடாதீங்க, கமிட்டில மூணு குரூப்புல இருந்தும் ஒவ்வொருத்தரா நேர்ல கொண்டு போயி குடுங்க. மூணு பேரும் ஒட்டுக்கா போய் நின்னாலே பாதி வேலை முடிஞ்சுச்சு. வாங்கினதுக்கு நகல்ல கையெழுத்தும் சீலும் வாங்கிக்கங்க. பேராயர் ஆபீஸ் இருக்கற திருச்சி வரைக்கும்தானே, காலைல பஸ் ஏறினா பொழுதோட வந்தரலாம்.

பல்லடம்ரோட்டான்:

எல்லாருக்கும் நெம்ப நன்றிங்க. நேத்து ராத்திரி உக்காந்து எழுதிட்டேன். பேரு எதுவும் போடல. பனை அண்ணன் கோவிச்சுக்காதீங்க, பேரு எழுதலாம்னு ஆரம்பிச்சேன், எங்க கமிட்டிலயே நாலு பேரு வந்துச்சு, அப்பவே விட்டுட்டேன்.

ஒரு பக்கம் ஷிப்ட் டைமும் ஞாயிறு சாயங்கால ஆராதனையும். ஒரு பாரா ஜார்க்கண்ட் பிள்ளைங்க. திடப்படுத்தல் வகுப்புல பதினோரு பிள்ளைங்க, லுத்தர் எழுதின சிறிய ஞானோபதேசப் புத்தகத்துல கர்த்தருடைய ஜெபம் வரைக்கும் முடிச்சிருக்காங்க, மீதியை பொறுப்பு குரு நடத்தோணும்னு தனியா எழுதியிருக்கேன். நம்ம சண்டையையும் எழுதிட்டேனுங்க, கணக்கு விஷயத்துல ரெண்டு குடும்பம் வராம இருக்கறது, புதுசா வர்றவரு அவங்க வீட்டுக்கு மொதல்ல போனா நல்லாருக்கும்னு. இந்த வரியைப் பாத்து ஒரு பெரியவர் நம்ம மானத்தை நாமளே விக்கறதான்னு கேட்டாரு. அப்பறம் அவரே கொஞ்ச நேரம் கழிச்சு, அவங்க வீட்டு நம்பரையும் போட்டுருன்னாரு.

அக்கா, குருமனை கதவுக்கு தாழ்ப்பாள் இருக்கானு போய்ப் பாத்தேனுங்க. இருக்கு, ஆனா மேல்தளம் ரெண்டு இடத்துல ஊறியிருக்கு, எஸ்டிமேட் கேட்டிருக்கோம். பெண் குரு வந்தா பரவால்லைன்னு லெட்டர்ல எழுதலாம்னு சொன்னேன், அதுக்கு பொம்பளைங்க சங்கத்து அம்மா ஒருத்தரு, பரவால்லைங்கற வார்த்தையை எடு, சந்தோஷமா ஏத்துக்குவோம்னு எழுதுன்னு அதட்டினாங்க, மாத்திட்டேன்.

செயலர் ஐயா, கல்லறைத் தோட்டத்து பத்திரம் கேட்டீங்களே, பீரோவுல இல்லீங்க. பழைய பொருளாளர் வீட்டுல இருக்கும்னு சொல்றாங்க, அவரு இப்ப மகன் கூட பெங்களூர்ல இருக்காரு. சார்ஜ் ஒப்படைக்கறதுக்குள்ள கிடைக்கலைன்னா என்ன பண்றது?

கோவை_பழையசெயலர்:

சர்வே நம்பர் தெரியுமா? தெரிஞ்சா சார்பதிவாளர் ஆபீஸ்ல வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாரு, அதுல பத்திர நம்பர் கிடைச்சா நகல் வாங்கிடலாம். நம்பரும் தெரியாட்டி கிராம நிர்வாக அலுவலர்கிட்ட நில விவரம் இருக்கற 'அ' பதிவேட்டுல கல்லறை எந்தப் பேர்ல இருக்குன்னு பாரு, ரொம்ப பழசுன்னா மிஷன் பேர்லயே கூட இருக்கலாம். இருக்கற ஐயர் கைல கையெழுத்து அதிகாரம் இருக்கறப்பவே மனுவைக் குடுத்துரு, அவரு போன பொறகு அலைச்சல் டபுள். பெங்களூருக்கும் இன்னிக்கே ஒரு போன் போடு.